பொறுமைக்கு எத்தனை இன்னிங்ஸ்?

ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தை நடுப்புள்ளியாக வைத்து, பத்து கிலோமீட்டர் ஆரத்தில் டெல்லி வரைபடத்தின்மேல் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கு ஓரத்தில் நஜஃப்கர் அகப்படும். அது வீரேந்தர் சேவாகின் ஊர். பக்கத்தில் விகாஸ்புரி; அங்குள்ள அரசுப் பள்ளியில்தான் ஏ.என். சர்மா என்ற பயிற்சியாளரிடம் சேவாக் மட்டை பிடித்து வளர்ந்தார். மெட்ரோவில் ஒரு நிறுத்தம் தள்ளினால் உத்தம் நகர். விராட் கோலியின் பிள்ளைப் பருவம் அங்கே கழிந்தது. வடக்கே மீரா பாக். ஷிகர் தவன் படித்த பள்ளி அங்கே இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஜனக்புரிப் பள்ளியும் இந்த வட்டத்துக்குள்தான். அதனால் இந்தப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்த மூன்று பேர் தொலைக்காட்சி நட்சத்திரங்கள் மட்டும் அல்லர், பக்கத்துப் பேட்டை அண்ணன்மார்.

மூவரும் இந்தியாவுக்காக ஆயிரக்கணக்கில் ரன் குவித்தவர்கள். மூவருக்கும் ஒரு கட்டத்தில் மட்டை ஊமையானது. அப்போதெல்லாம் நாடு கேட்டது ஒரே கேள்வி: ரன் வராத ஆட்டக்காரரை இன்னும் எத்தனை நாள் அணியில் வைத்திருப்பது? கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் மூன்று விதமாக வந்தது. சேவாகை நீக்கினார்கள், திரும்ப அழைத்தார்கள், மறுபடி நீக்கினார்கள். கோலி நிலைபெற்ற பிறகு அவரை டெஸ்ட் அணியிலிருந்து ஃபார்முக்காக நீக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். தவன் சேவாகின் இடத்தில் வந்து அமர்ந்தார். பிறகு தன் இடத்தை இளையவர்களுக்குப் பறிகொடுத்தார். இந்த மூன்று பதில்களையும் மற்ற நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், நாம் கேட்கும் கேள்வியே கொஞ்சம் கோணலானது என்று தெரியவரும்.

துரதிர்ஷ்டமா, பழுதா

முதலில் கணக்கு. டெஸ்டில் 50 சராசரி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரன்னிலும் அவர் ஆட்டமிழக்கும் ஆபத்து ஒரே அளவு என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், மூன்று இன்னிங்ஸில் ஒன்றில் அவர் 20 ரன்னுக்குள் வெளியேறுவார். தொடர்ந்து நான்கு முறை அப்படி வெளியேறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். கேட்க அபூர்வமாகத் தோன்றும். ஆனால் 200 இன்னிங்ஸ் ஆடுகிறவருக்கு அது ஒன்றிரண்டு முறை நேர்ந்தே தீரும். உண்மையில் களமிறங்கிய முதல் அரை மணியில் ஆபத்து கூடுதல் என்பதால் அதற்கு மேலும் நேரும். அவர் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. நான்கு இன்னிங்ஸைப் பார்த்து “முடிந்தது கதை” என்று எழுதுகிறவர்கள் பல நேரம் சுண்டிய நாணயத்தைத்தான் விமர்சித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எப்போதுதான் கவலைப்படுவது? எண்ணைவிட, ஆட்டமிழக்கும் விதம் நிறையச் சொல்லும். ஒரு முறை அருமையான பந்து, ஒரு முறை ரன் அவுட், ஒரு முறை காலோரம் எட்டிய கேட்ச் என்று வகைவகையாக வெளியேறினால் பொறுக்கலாம். ஒரே வாசல் வழியாக ஒருவர் திரும்பத் திரும்ப வெளியேறினால் அது பழுது.

கோலியின் வாழ்க்கையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2014இல் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் 134 ரன், சராசரி 13.40. ஜேம்ஸ் ஆண்டர்சன் நான்கு முறை அவரை வீழ்த்தினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விலகிப்போகும் பந்து, நீளும் மட்டை, பின்னால் கேட்ச். பழுது தெளிவாகத் தெரிந்தது. கோலி ஊர் திரும்பி டெண்டுல்கரிடம் யோசனை கேட்டார், மட்டையோடு நிற்கும் விதத்தை மாற்றினார். சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் நான்கு சதங்களோடு 692 ரன். 2018இல் அதே இங்கிலாந்தில் 593 ரன். பழுது இன்னதென்று தெரிந்து, அதைச் சரிசெய்யும் வேலையும் நடந்தால், பொறுமை வீண்போகாது.

பத்தாண்டு கழித்து 2024–25 ஆஸ்திரேலியத் தொடர். பெர்த்தில் ஆட்டமிழக்காமல் 100. அதை ஒதுக்கிவைத்தால் மற்ற எட்டு இன்னிங்ஸில் 90 ரன்தான். எட்டு முறையும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்து, எட்டு முறையும் விக்கெட் கீப்பர் கையிலோ ஸ்லிப்பிலோ கேட்ச். பழைய வாசல்தான். இந்தத் தடவை தொடர் முடியும்வரை யாரும் அதை அடைக்கவில்லை.

பழைய கடன்

இரண்டாவது வாதம் நன்றிக்கடன். “இவ்வளவு கொடுத்தவரை இரண்டு தொடருக்காகத் தூக்கி எறிவதா?” என்பது ரசிகனின் குரல். தெருக் கிரிக்கெட்டில் இதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு. மாம்பலமோ ஜனக்புரியோ, மட்டை யாருடையதோ அவன் எளிதில் அவுட் ஆக மாட்டான். அவுட் ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். வற்புறுத்தினால் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இந்தியக் கிரிக்கெட்டில் பெரிய நட்சத்திரத்துக்குக் கிட்டத்தட்ட அந்த மட்டைச் சொந்தக்காரனின் அந்தஸ்து.

தனியார் அணிகளில் இதைக் குறைசொல்ல முடியாது. 2025 ஐ.பி.எல்.லில் 43 வயது தோனியைச் சென்னை சூப்பர் கிங்ஸ் 4 கோடி ரூபாய்க்கு வைத்துக்கொண்டது. சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அந்த ஆண்டு சென்னை பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடிந்தது. இருந்தாலும் மஞ்சள் சட்டைக் கூட்டம் குறையவில்லை. அங்கே முதலாளி விற்பது வெற்றியை மட்டும் அல்ல, தரிசனத்தையும்தான். வாங்குகிறவருக்கும் அது தெரியும். பணம் கொடுத்தவர் திருப்தியோடு போனால் வெளியாள் புலம்ப என்ன இருக்கிறது?

தேசிய அணி அப்படி அல்ல. அந்த இடம் கிரிக்கெட் வாரியத்தின் சொத்தும் இல்லை, ஆட்டக்காரரின் சொத்தும் இல்லை. நாடு முழுக்க ரஞ்சிக் கோப்பையில் வெயிலில் நின்று ரன் சேர்க்கும் பல நூறு பேருக்கு அதில் பங்கு இருக்கிறது. ஆகவே கடந்த காலச் சாதனை தேசிய அணியில் ஒன்றை மட்டுமே நியாயமாகக் கேட்க முடியும்: “என் திறமையின் உண்மையான அளவு இந்த நான்கு இன்னிங்ஸ் அல்ல, இந்த நூறு இன்னிங்ஸ், என்னை எடைபோடும்போது அதையும் தராசில் வையுங்கள்.” பழைய ரன்கள் சாட்சியாக வரலாம், கூலியாகக் கேட்க முடியாது.

யார் காத்திருக்கிறார்

மூன்றாவது, பெரும்பாலும் மறந்துபோகும் விஷயம்: வெளியே யார் நிற்கிறார்? ஒருவர் தகுதியானவரா என்று தனியாகக் கேட்பதில் பொருள் இல்லை. யாரைவிடத் தகுதியானவர் என்பதுதான் தேர்வுக்குழு விடைகாண வேண்டிய கணக்கு.

அமெரிக்கக் கால்பந்தில் இது நமக்குத் தெரிந்த எந்த விளையாட்டையும்விடக் கூர்மையானது. அங்கே குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். 2001இல் நியூ இங்கிலாந்து அணியின் ட்ரூ பிளெட்சோ பத்தாண்டுப் பெரிய ஒப்பந்தத்தில் இருந்தவர். செப்டம்பரில் அவர் காயப்பட, டாம் பிரேடி என்ற அதிகம் அறியப்படாத இளைஞர் உள்ளே வந்தார். பிளெட்சோ குணமான பிறகும் பயிற்சியாளர் பழைய வரிசைக்குத் திரும்பவில்லை. அந்தப் பருவத்திலேயே அணி இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. காத்திருந்தவர் பிரேடி என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. இடம் கொடுத்துப் பார்த்த பின்னால்தான் தெரிந்தது.

நம் வட்டத்துக்குள்ளும் ஒரு பிரேடிக் கதை நடந்தது. 2013 மார்ச்சில் ஹைதராபாத் டெஸ்டோடு சேவாகை நீக்கினார்கள். அந்தத் தொடரில் அவர் எடுத்தது 2, 19, 6. அடுத்த டெஸ்ட் மொஹாலியில். சேவாகின் இடத்தில் அறிமுகமானவர் ஷிகர் தவன். 85 பந்தில் சதம். அறிமுக ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகச் சதம் போட்டதில்லை. மொத்தம் 187. எதிர்முனையில் நம் சென்னை முரளி விஜய் 153. முதல் விக்கெட்டுக்கு இருவரும் 289 ரன். அன்று ஜனக்புரியிலும் நஜஃப்கரிலும் சேவாகுக்காக வருந்தியவர்கள் மாலைக்குள் தவனுக்காகக் கை தட்டினார்கள். இடம் மேற்கு டெல்லியை விட்டு வெளியே போகவே இல்லை.

எதிர்க் கதையும் உண்டு. 2011–12, ஆஸ்திரேலியா. கோலி மெல்பர்னில் 11, 0; சிட்னியில் 23, 9. பெர்த்தில் அவருக்குப் பதில் ரோஹித் சர்மாவை இறக்க வேண்டும் என்று தேர்வாளர்கள் விரும்பியதாகவும், தலைவர் தோனியும் துணைத்தலைவராக இருந்த தானும் கோலிக்காக நின்றதாகவும் சேவாக் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பெர்த்தில் கோலி 44, 75. அடுத்து அடிலெய்டில் 116, அவருடைய முதல் டெஸ்ட் சதம். நஜஃப்கர்க்காரர் உத்தம் நகர்க்காரரைக் காப்பாற்றினார் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் அடியோடு பொய் இல்லை. அன்று கோலிக்கு வயது 23. நான்கு இன்னிங்ஸில் ஓர் இளைஞனைத் தள்ளிவிடுவது அநியாயம். பத்தாண்டு ஆடியவருக்கும் இருபத்துமூன்று வயதுக்காரருக்கும் பொறுமையின் காரணங்கள் வேறு. ஒருவரின் திறமை நமக்கு ஏற்கெனவே தெரியும். மற்றவரின் திறமையைத் தெரிந்துகொள்ளத்தான் வாய்ப்பு கொடுக்கிறோம். நாமோ பல நேரம் தெரிந்தவருக்கு நீளமான கயிறும் தெரியாதவருக்கு முழம் கயிறும் விடுகிறோம்.

எஸ். பத்ரிநாத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. முதல்தரக் கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு மேல், 54 சராசரி. 2010 நாக்பூரில் அறிமுக இன்னிங்ஸில் 56. மொத்தம் ஆடிய டெஸ்ட் இரண்டே. கருண் நாயர் 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார். அடுத்த டெஸ்டில் ரஹானே காயம் தேறித் திரும்பியதும் வெளியே உட்கார்ந்தார். 2017இல் மூன்று டெஸ்ட். பிறகு எட்டு ஆண்டு இடைவெளி. 2025இல்தான் மீண்டும் இங்கிலாந்தில் வாய்ப்பு.

நீக்கியதால் கெட்டவர் யார்

நீக்குவது அவமானம், ஆட்டக்காரரை உடைத்துவிடும் என்பது பொதுவான அச்சம். வரலாறு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

மொஹிந்தர் அமர்நாத் ரஞ்சியில் டெல்லிக்கும் ஆடியவர். 1969 டிசம்பரில் சென்னையில் அறிமுகம். அடுத்த டெஸ்டுக்கு 1976 வரை காத்திருப்பு. 1983 உலகக் கோப்பை இறுதியில் ஆட்ட நாயகன். அதே ஆண்டு முடிவதற்குள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சொந்த மண்ணில் ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன். நீக்கினார்கள். 1984இல் லாகூரில் திரும்பி வந்து ஆட்டமிழக்காமல் 101. அவரைப்போல் போய்ப்போய் வந்தவர் இந்தியக் கிரிக்கெட்டில் குறைவு. மன உரத்தில் அவரை மிஞ்சியவரும் குறைவு.

சௌரவ் கங்குலியின் கதை டெல்லியிலேயே தொடங்கியது. 2005 டிசம்பரில் ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இலங்கைக்கு எதிராக 40, 39 எடுத்த பிறகு அடுத்த டெஸ்டுக்கு அவர் பெயர் இல்லை. வங்காளம் கொதித்தது. ஓராண்டு கழித்து ஜோஹானஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 51. தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி. 2007இல் மட்டும் 1,106 டெஸ்ட் ரன். அதில் பாகிஸ்தானுக்கு எதிரான 239உம் அடக்கம்.

சேவாகைப் பாருங்கள். 2006–07 தென்னாப்பிரிக்கத் தொடரில் ஆறு இன்னிங்ஸில் 89 ரன். டெஸ்ட் அணியிலிருந்து நீக்கினார்கள். ஆஸ்திரேலியாவுக்கான உத்தேசப் பட்டியலில்கூட முதலில் அவர் பெயர் இல்லை. தலைவர் கும்ப்ளே பிடிவாதமாகக் கேட்டு அழைத்துப்போனார். மெல்பர்னிலும் சிட்னியிலும் வெளியே. 2008 ஜனவரியில் பெர்த்தில் 29, 43. அடிலெய்டில் தோல்வியைத் தடுத்த 151. இரண்டு மாதம் கழித்துச் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319. சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கும்பிட்ட அந்த இன்னிங்ஸ், ஓராண்டு முன்பு “இனி இவர் தேறமாட்டார்” என்று எழுதப்பட்டவர் ஆடியது.

இதில் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்தவர்களின் கதைதான் நமக்கு நினைவில் நிற்கிறது. வராதவர்கள் கதையாகவில்லை. சடகோபன் ரமேஷ் 19 டெஸ்டில் 37.97 சராசரி வைத்திருந்தார். 2001க்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் இல்லை. கௌதம் கம்பீர் 2013இல் நீக்கப்பட்டு, 2014இல் இங்கிலாந்தில் வந்து 4, 18, 0, 3 எடுத்தார். 2016 ராஜ்கோட்டோடு முடிந்தது. ஆகவே நீக்கம் மருந்து என்று சொல்ல வரவில்லை. நோயாளியைக் கொன்றுவிடும் விஷமும் அது அல்ல என்றுதான் சொல்கிறேன். திரும்பி வருவதற்கு வழி திறந்திருந்தால், போவது அவ்வளவு கொடுமை இல்லை. அமர்நாத்துக்கும் கங்குலிக்கும் சேவாகுக்கும் வழி திறந்திருந்தது.

தலைவருக்குத் தனிச் சலுகையா

அணித் தலைவர் என்றால் தராசில் இன்னொரு தட்டு சேர்கிறது. இங்கிலாந்தின் மைக் பிரேர்லி 39 டெஸ்ட் ஆடினார், சராசரி 22.88, ஒரு சதம்கூட இல்லை. ஆட்டக்காரராக மட்டும் பார்த்தால் இடமே கிடைத்திருக்காது. தலைவராக 31 டெஸ்டில் 18 வெற்றி, நான்கு தோல்வி. 1981இல் இயன் போத்தம் தலைமையில் 12 டெஸ்டில் வெற்றியே இல்லை, லார்ட்ஸில் இரு இன்னிங்ஸிலும் பூஜ்யம், பதவி விலகினார். பிரேர்லி திரும்பி வந்தார். அடுத்த டெஸ்டில், ஹெடிங்லியில், சுமை இறங்கிய போத்தம் ஆட்டமிழக்காமல் 149. வைத்திருப்பதா அனுப்புவதா என்ற இரண்டு வழிதான் என்று நினைக்கிறோம். மூன்றாவது வழியும் உண்டு: ஆளை வைத்துக்கொண்டு அவர் தோளில் இருப்பதை இறக்கிவைப்பது.

ஆஸ்திரேலியாவின் மார்க் டெய்லர் 21 டெஸ்ட் இன்னிங்ஸ் அரைச்சதம் இல்லாமல் தவித்தார். அணி வென்றுகொண்டிருந்ததால் வைத்திருந்தார்கள். 1997 எட்ஜ்பாஸ்டனில் 129. தொடரை 3–2 என்று வென்றார்கள். பொறுமை பலித்தது; ஆனால் அந்தப் பொறுமையின் விலையை மற்ற பத்துப் பேர் தங்கள் ஆட்டத்தால் கட்டினார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு அந்த வசதி இல்லை.

ரோஹித் சர்மாவுக்கு 2024–25 ஆஸ்திரேலியத் தொடரில் அந்த வசதி இல்லை. ஐந்து இன்னிங்ஸில் 31 ரன். சிட்னியில் கடைசி டெஸ்டுக்கு, தொடர் முடியும் முன்பே தலைவர் தன்னைத்தானே பதினொருவரிலிருந்து ஒதுக்கிக்கொண்டார், பும்ரா தலைமையேற்றார். சிலர் அதைத் தியாகம் என்றார்கள், சிலர் தோல்வியை ஒப்புக்கொண்டது என்றார்கள். இந்தியக் கிரிக்கெட்டில் மட்டைச் சொந்தக்காரன் “நான் அவுட்” என்று தானே சொன்ன அபூர்வமான தருணம் அது.

சொல்லும் விதம்

சரியான முடிவையும் தவறாகச் சொன்னால் அநீதியாகிவிடும். 2017இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஈலை மானிங் தொடர்ந்து 210 ஆட்டத்தில் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். இரண்டு முறை சூப்பர் பௌல் வென்றவர். அணி 11 ஆட்டத்தில் 9 தோற்றிருந்தது. அவரை உட்காரவைத்தார்கள். ஆட்டரீதியாக அதில் பெரிய தப்பு இல்லை. ஆனால் செய்த விதத்தில் ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். அந்த ஓர் ஆட்டத்துக்கு மறுநாளே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மானிங்கைத் திரும்ப அழைத்தார்கள். இடம் யாருக்கு என்பதைவிட, மரியாதை எங்கே என்பதே பெரிய கேள்வியாகிப்போனது.

நம்மூரில் குறை வேறு விதம். இங்கே பெரும்பாலும் “ஓய்வு” என்ற சொல் நீக்கத்துக்குப் போர்வையாகிறது. ஆட்டக்காரருக்கும் தெரியாது, ரசிகருக்கும் தெரியாது. என்ன சரிசெய்தால் திரும்பலாம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. 2025 டிசம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது துணைத்தலைவராக இருந்த சுப்மன் கில்லின் பெயரே இல்லை. அந்த முடிவு சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் துணைத்தலைவர் பதவியும் காப்பாக நிற்காது என்று வெளிப்படையாகத் தெரிந்தது நல்லதே.

ஒரே 28, இரண்டு நியாயம்

இப்போது கோலிக்கு வருவோம். 2019 நவம்பர் 23 அன்று கொல்கத்தாவில் சதம். அடுத்த சர்வதேசச் சதத்துக்கு 2022 செப்டம்பர் 8, துபாய் வரை ஆயிரம் நாளுக்கு மேல் காத்திருப்பு. ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் அரைச்சதங்கள் வந்துகொண்டே இருந்தன. அங்கே அவரை வைத்திருந்ததில் தப்பே இல்லை. அதே 2022 அக்டோபரில் மெல்பர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான 82உம், 2023 உலகக் கோப்பையின் 765 ரன்னும் அதற்குச் சான்று. 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில் முதல் ஏழு ஆட்டத்தில் 75 ரன். இறுதி ஆட்டத்தில் மட்டும் 76. ஏழு ஆட்டத்தோடு பொறுமை இழந்திருந்தால் பார்படோஸில் கோப்பை கைநழுவியிருக்கலாம்.

டெஸ்ட் வேறு. 2020 முதல் 2022 வரை 20 டெஸ்டில் கோலியின் சராசரி 26 சொச்சம். 2021ஐ மட்டும் எடுத்தால் 28.21. அதே 2021இல் சேதேஷ்வர் புஜாராவின் சராசரி 28.08. இருவருக்கும் நடுவே பதின்மத்தில்தான் வித்தியாசம். 2022 தொடக்கத்தில் இலங்கைத் தொடருக்குப் புஜாராவையும் ரஹானேவையும் நீக்கினார்கள். கோலி இருந்தார். புஜாரா சஸெக்ஸ் கவுண்டிக்குப் போய் ரன் குவித்து, ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டுக்குத் திரும்பி 66 எடுத்தார். கபில்தேவ் அப்போது கேட்டது தமிழர் காதுக்கு இதமாக இருந்தது: டெஸ்ட் பந்துவீச்சில் உலகின் இரண்டாமவரான அஸ்வினை வெளியே வைக்க முடியும் என்றால், மட்டையாளரையும் வெளியே வைக்க முடியாதா? 2021 இங்கிலாந்துத் தொடரில் அஸ்வின் நான்கு டெஸ்டிலும் களமிறங்கவில்லை. ரன் வராததால் அல்ல, விக்கெட் விழாததாலும் அல்ல. ஆடுகளம் பொருந்தவில்லை என்று.

கோலியின் பக்கமும் பேச இருக்கிறது. 2022 ஜனவரி வரை அவர் தலைவர். கேப்டவுனில் மற்றவர்கள் தடுமாறிய ஆடுகளத்தில் 79 எடுத்தார். பழைய ரன்களின் சாட்சி புஜாராவுடையதைவிடக் கனமானது. இதையெல்லாம் சேர்த்தாலும், ஒரே 28க்கு ஒருவருக்கு சஸெக்ஸ், மற்றவருக்குச் சலுகை என்பது தேர்வுக்குழுவின் கையில் இரண்டு முழக்கோல் இருந்ததையே காட்டுகிறது. கோலியையும் அன்று இரண்டு மாதம் உள்நாட்டு ஆட்டத்துக்கோ கவுண்டிக்கோ அனுப்பியிருந்தால் அவருக்குத்தான் நல்லது நடந்திருக்கும். புஜாராவுக்கு அது நடந்தது.

அனுப்பினார்கள், ஆனால் காலம் கடந்து. சிட்னி தோல்விக்குப் பிறகு 2025 ஜனவரியில் உள்நாட்டு ஆட்டம் கட்டாயம் என்று வாரியம் விதித்தது. ஜனவரி 30 அன்று கோட்லாவில், இப்போது அருண் ஜேட்லி அரங்கம், ரயில்வேக்கு எதிராக டெல்லி ஆடியது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ரஞ்சியில் கோலி. சாதாரண ரஞ்சி ஆட்டத்துக்குக் காலியாகக் கிடக்கும் படிக்கட்டுகளில் ஆயிரக்கணக்கான கூட்டம். மறுநாள் 6 ரன்னில் ஹிமான்ஷு சாங்வான் அவர் ஸ்டம்பைச் சாய்த்தார். சற்று நேரத்தில் படிக்கட்டுகள் காலியாகிவிட்டன. அந்த ஆண்டு மே 7 அன்று ரோஹித், மே 12 அன்று கோலி டெஸ்டிலிருந்து விலகினார்கள். 123 டெஸ்டில் 9,230 ரன், 30 சதம். ரஞ்சி ஆட்டம் பெர்த்துக்கு முன்பு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இருக்கையின் வம்சாவளி

ஆக, தடுமாறும் ஆட்டக்காரர் தன் இடத்துக்குத் தகுதியானவரா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. நான்கு துணைக் கேள்விகள் இருக்கின்றன. அவர் வகைவகையாக அவுட்டாகிறாரா, ஒரே விதமாகவா? வெளியே காத்திருப்பவருக்கு இதே எண்ணிக்கை வாய்ப்பு கொடுத்தோமா? பக்கத்தில் அதே சராசரியோடு தடுமாறுகிறவரை என்ன செய்தோம்? போகிறவரிடம் திரும்பி வரும் வழியைச் சொன்னோமா? முதல் கேள்வி ஆட்டக்காரரைப் பற்றியது. மற்ற மூன்றும் நம்மைப் பற்றியவை. இந்தியாவில் தவறு பெரும்பாலும் அந்த மூன்றில்தான் நடக்கிறது. நட்சத்திரத்துக்கு நீளக் கயிறு விட்டதுகூடப் பிழை இல்லை. அதே கயிற்றை அடுத்தவருக்கு முழத்தில் அளந்ததுதான் பிழை.

வட்டத்தின் கதையை முடித்துவிடலாம். சேவாகின் தொடக்க இடம் 2013இல் தவனுக்கு வந்தது. 2018 செப்டம்பர் ஓவல் டெஸ்டோடு தவன் போனார். அடுத்த மாதம் ராஜ்கோட்டில் பிரித்வி ஷா அறிமுகமாகி 134 எடுத்தார். 2020 டிசம்பரில் அடிலெய்டில் ஷா 0, 4. அடுத்த மெல்பர்ன் டெஸ்டில் சுப்மன் கில் அறிமுகம். 2025 மே மாதம் கில் டெஸ்ட் அணித் தலைவரானார். அதே ஆண்டு டிசம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு அவர் தேவைப்படவில்லை. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கம்பீர், தொடக்க ஆட்டக்காரராகச் சேவாகோடு இறங்கி, 2013இல் அணியிலிருந்து இறக்கிவிடப்பட்ட டெல்லிக்காரர்.

எட்டு ஆண்டுக்குள் நான்கு பேரைப் பார்த்துவிட்டது அந்த ஓர் இருக்கை. உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் முன்னவர் எழுந்ததால்தான் உட்கார்ந்தார்.